லூர்துவுக்கு ஓர் ஆத்துமா பூசை

அன்புள்ள அமலி,

தாளின் தலையில் ஒரு சிலுவை போடாமல் எனக்குக் கடிதம் எழுத வராது. போட்டுவிட்டேன். போட்ட பிறகு வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "எழுதியாச்சா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போனில் சொன்னால் ஆகாதா என்று நீ நினைப்பாய். நான் போனில் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாதா? "சாப்டியா, அங்க மழையா, சரி அம்மாகிட்ட குடுக்குறேன்" என்பதோடு என் பேச்சு தீர்ந்துவிடும். போன வாரம் நீ கேட்ட கேள்விக்கும் அதையேதான் செய்தேன். "அப்பா, தை மாசம் என் வார்த்தைப்பாட்டுக்கு வருவீங்கதானே? நீங்கதான் கையப் பிடிச்சுக் குடுக்கணும்" என்றாய். நான் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டு, மடை அடைக்கப் போகிறவன் மாதிரி வாய்க்கால் பக்கம் போய்விட்டேன். மடை ஏற்கெனவே அடைத்துத்தான் இருந்தது.

கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுப்பது மட்டும் என்றால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அது முடிந்ததும் அக்கா சிஸ்டராக இருந்த அதே மலை ஊருக்கு என்னை அனுப்புங்கள் என்று மடத்துத் தலைவி மதரிடம் நீயே கேட்டிருக்கிறாய். உன் அக்கா லூர்துவைக் கொன்ற ஊர் அது. ஒரு பிள்ளையைக் கொடுத்த இடத்துக்கு இன்னொரு பிள்ளையையும் கொடு என்று கேட்டால் எந்தத் தகப்பனுக்கு உடனே வாய் வரும்? என் மேல் உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். இதைப் படித்த பிறகும் இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

லூர்துவின் கையைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். அப்போது நீ சின்னப் பிள்ளை, தஞ்சாவூர் மடத்துக் கோயிலில் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாய். கல்யாணப் பெண்ணைத் தாரைவார்ப்பது போலத்தான் அங்கேயும். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அப்பனும் ஆத்தாளும் நடுவில் பெண்ணை வைத்து நடத்திப் போக வேண்டும், மதர் கையை நீட்டுவார்கள், அந்தக் கையில் நம் பிள்ளையின் கையை வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் வைத்தேன். ஆனால் என் கையை எடுக்கவில்லை. மூன்று பேர் கையும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தது. பாட்டுக்காரப் பிள்ளைகள் பாடி முடித்துவிட்டு மறுபடியும் முதலடியிலிருந்து ஆரம்பித்தார்கள். லூர்து குனிந்து, "அப்பா, விடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மன்னார்குடி வரும்வரை உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்தாள். இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

செய்தி வந்த நாளை நீ பார்க்கவில்லை, பள்ளிக்கூடத்தில் இருந்தாய். புரட்டாசி மாதம். சம்பா நடவு. நம்முடையது கடைமடை, தண்ணீர் வந்த நாலு நாளுக்குள் நட்டு முடிக்க வேண்டும். அதனால் உன் அம்மாவும் ஆட்களோடு நாற்றங்காலில் இறங்கி நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டு மறுபடி இறங்கின நேரம். பழைய பங்குச்சாமியார் அங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்தார். சேறு பட்டால் பத்து நாள் புலம்புகிற மனுஷர், வரப்பில் வருகிறாரே என்று கையில் இருந்த நாற்றுமுடியைக் கீழே போட்டேன். "உங்க மக லூர்து வேதசாட்சியாயிட்டாங்க. சர்வேசுரன் உங்க குடும்பத்தத் தேர்ந்தெடுத்திருக்காரு" என்றார். வேதத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசைக்குப் போகிற எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த வார்த்தையும் என் பெண்ணும் எனக்கு ஒட்டவில்லை. உன் அம்மாதான் சேற்றுக் கையோடு நிமிர்ந்து, "அப்ப எம்புள்ள செத்துட்டாளா சாமி?" என்று கேட்டாள். சாமியார் அதற்கு ஆமாம் என்று சொல்லாமல் மறுபடியும் வேதசாட்சி என்றே சொன்னார். யாருமே எங்களிடம் உங்கள் பிள்ளை செத்துவிட்டாள் என்று சொல்லவில்லை, அமலி. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். ஆனால் ஒரு பிள்ளையின் கண்ணால் பார்த்திருப்பாய், திருவிழா மாதிரி இருந்திருக்கும். மலைப்பாதை மழையில் அறுந்துகிடந்ததால் உடலைக் கொண்டுவர வழியில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கே முகம் பார்க்கவும் இல்லை, மண் போடவும் இல்லை. உன் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். மாதா சபைப் பெண்கள் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார்கள். "வேதசாட்சி வீட்டுல அழுவலாமாக்கா? பாட்டுப் படிங்க" என்று சொல்லி அவர்களே பாடினார்கள். கோயிலில் சிவப்பு உடுப்பு உடுத்திப் பூசை வைத்தார்கள், வேதசாட்சிகளுக்கு அந்த நிறம்தானாம். கடைத்தெருவில் உன் அக்காவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். வேன் பிடித்து வந்த சனங்கள் நம் வாசல் மண்ணைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். உன் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். காலைத் தொடுகிறவர்கள் முன்னால் எப்படி அழுவாள்? அதையும் விழுங்கிக்கொண்டாள்.

முப்பதாம் நாள் வந்தது. ஏழை, பணக்காரன் யார் செத்தாலும் நம் ஊரில் முப்பதாம் நாள் ஆத்துமா பூசை உண்டு, அன்றைக்கு அழுகிறவர்கள் அழுது முடிப்பார்கள். நான் போய் லூர்து பேருக்கு ஒரு பூசை வேண்டும் என்று கேட்டேன். "என்னய்யா கேக்குறீங்க? அவங்களுக்காக நாம வேண்டுறதா? நமக்காக அவங்கல்ல வேண்டணும்" என்று சாமியார் என்னைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை. ஊரும் கெட்ட ஊர் இல்லை. எல்லாரும் நம்மைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் அன்றிலிருந்து உன் அம்மா கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லறை வாசலிலேயே நிற்பாள். உள்ளே ஏற்ற நமக்குக் கல்லறை கிடையாது. யாராவது பார்த்தால், "உங்க மகளுக்கு இன்னைக்கில்ல, நேத்தே முடிஞ்சு போச்சு, நேத்துதான புனிதருங்க எல்லாருக்கும் திருநாள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஏற்றாத மெழுகுவர்த்தியோடு வீட்டுக்கு வருவாள். அவற்றையெல்லாம் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

இனி நாடகத்துக்கு வருகிறேன். நீ எதிர்பார்த்துக்கொண்டுதான் படிப்பாய். முதலாண்டு நினைவுக்குக் கோயில் உபதேசியார் நாடகம் எழுதினார். லூர்து வேஷத்துக்கு அவள் தங்கையே கிடைத்தால் எவ்வளவு பொருத்தம் என்று வீட்டுக்கு வந்து கேட்டார். நானும் தலையாட்டினேன், நீயும் குதித்தாய். உனக்கு அப்போது தாவணி வயசு. வெள்ளை அங்கி போட்டு, கையில் செபமாலையோடு, கத்தியைப் பார்த்துச் சிரித்தபடி முழுப் பாட்டு ஒன்றைப் பாடி முடித்துவிட்டு நீ மெதுவாகச் சாய்ந்தாய். சிவப்பு விளக்குப் போட்டார்கள். கூட்டம் கைதட்டியது. உன் அம்மா எழுந்து இருட்டில் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நீ இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "நானும் சிஸ்டராப் போறேன்" என்றாய். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். இவளைக் கூப்பிட்டது சர்வேசுரனா, அந்தக் கைதட்டலா? மடத்தில் இத்தனை வருஷம் நீ பாத்திரம் கழுவி, நர்சிங் படித்து, காய்ச்சல்காரர்களின் வாந்தி துடைத்து எல்லாம் பார்த்துவிட்டாய். அதனால் கூப்பிட்டது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் குறைந்திருந்தது. அந்த மலை ஊரைத்தான் வேண்டும் என்று நீ கேட்டதும் பழைய பயம் திரும்ப வந்துவிட்டது.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நாடகம் நடந்த மறுவருஷம், நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் பகலில் சிஸ்டர் பிலோமினா வீட்டுக்கு வந்தார்கள். வேதாரண்யத்துப் பக்கத்துப் பெண். அந்த மலை ஊர் மருந்தகத்தில் லூர்துவோடு இருந்தது இவர்கள் ஒருவர்தான். சின்ன வயசுதான், ஆனால் தலை நரைத்திருந்தது. நடந்ததை எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னார்கள்.

அங்கே இரண்டு கூட்டத்தாருக்குள் பகை மூண்டிருந்தது. சிஸ்டர்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தார்கள். மதர் இங்கிருந்து, கிளம்பி வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லூர்து பையைக் கட்டிவைத்துவிட்டாள், அமலி. நாடகத்தில் அந்தப் பை இல்லை. அவள் ஊருக்கு வரத்தான் இருந்தாள். விடிந்தால் வண்டி. ராத்திரி ஒரு பெண்ணை வலியோடு தூக்கி வந்துவிட்டார்கள். குழந்தை பிறக்க விடிந்துவிட்டது. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தப் பெண் எழுந்து நடக்கட்டும், மறுநாள் போவோம் என்று இருந்தார்கள். உச்சி வேளைக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெண் எதிர்க் கூட்டத்துக்காரி. அவளை வெளியே விடு, சுவரில் இருக்கிற சிலுவையைக் கழற்றிக்கொண்டு ஓடிப்போ, உன்னை ஒன்றும் செய்ய மாட்டோம் என்றார்கள். லூர்து உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "அக்காவுக்குக் கால் ரெண்டும் நடுங்குச்சுப்பா. நிக்க முடியல. 'எனக்குப் பயமா இருக்கு பிலோ, என் கையப் பிடிச்சுக்க'ன்னாங்க. கை சில்லுன்னு இருந்துச்சு" என்று அந்தப் பெண் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கையைப் பிடித்தபடி நின்றுவிட்டு, தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போ என்று லூர்து சொல்லியிருக்கிறாள். "ரெண்டு பேரும் போனா பின்னாலயே வந்துருவாங்க. நான் கதவுகிட்ட பேசிக்கிட்டு நிக்கிறேன்" என்றாளாம். பிலோமினா சோளக்காட்டுக்குள் போகும்போது கதவு உடைகிற சத்தம் கேட்டது. அப்புறம் லூர்து குரல் கேட்டது. "யேசுவேன்னு கூப்பிட்டாங்களான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வரல. அக்கா 'அம்மா'ன்னுதான் கத்துனாங்க. தமிழ்ல. அந்த ஊர்ல என்னைத் தவிர அது யாருக்கும் புரிஞ்சிருக்காது."

உன் அம்மா கடைசியில், "எத்தன மணி இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். செய்தி வந்ததற்கு முந்தின நாள், மத்தியானக் கஞ்சி வேளை என்று அவர்கள் சொன்னார்கள். "நான் அப்பதான் கஞ்சி குடிச்சிட்டு நாத்தாங்கால்ல திரும்ப எறங்குனேன். எனக்குக் கேக்கலியே" என்றாள். இன்னும் அவ்வப்போது அதைச் சொல்கிறாள். சும்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், "கேக்கலியே" என்பாள்.

பிலோமினா போன பிறகு எனக்குக் கோயிலில் இருக்கிற சுரூபங்களைப் பார்க்கவே ஆத்திரமாக இருந்தது. அம்பு தைத்தும் சிரிக்கிறவர், அரிவாள் பட்டும் வானத்தைப் பார்க்கிறவர். ஒருநாள் உன்னைப் பார்க்கத் தஞ்சாவூர் மடத்துக்கு வந்து வரவேற்பறையில் காத்திருந்தேன். அங்கே சுவரில் உங்கள் சபையில் கொல்லப்பட்ட சிஸ்டர்களின் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. நீ தினமும் தூசி தட்டுகிற போட்டோக்கள்தான். நான் அன்றைக்குத்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒருவர் ஆப்பிரிக்காவில் சண்டைக்கு நடுவில் கஞ்சித்தொட்டி நடத்தியவர், ஒருவர் எங்கோ எல்லைப்பக்கம் பள்ளிக்கூடம் வைத்திருந்தவர், கடைசியில் நம் லூர்து. ஒருவர் முகத்திலும் சாகப் போகிற களை இல்லை. வேலை நடுவில் யாரோ கூப்பிட்டுப் போட்டோ எடுத்த மாதிரி இருக்கிறார்கள். கஞ்சிக்காரச் சிஸ்டர் மடித்துவிட்ட அங்கிக் கையைக்கூட இறக்கிவிடவில்லை. இவர்கள் யாரும் சாவதற்காக அங்கே போகவில்லை, கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வர மனசில்லாமல் நின்றவர்கள் என்று எனக்குப் பட்டது. பயத்தோடுதான் நின்றிருப்பார்கள். என் பெண் கால் நடுங்க நின்றாள். சிரித்துக்கொண்டு நின்றவளைவிட எனக்கு அவள்தான் பெரியவளாகத் தெரிகிறாள். நான் இதைப் பெருமையாகவும் சொல்கிறேன், வயிற்றெரிச்சலோடும் சொல்கிறேன். இரண்டும் எனக்குள் சேர்ந்துதான் இருக்கிறது.

ஆகவே உனக்குச் சொல்வது இது. அந்த ஊருக்குப் போனால் உன் அக்கா விழுந்த இடத்தைத் தேடிக்கொண்டு போய் நிற்காதே, முதலில் மருந்து அலமாரியைத் திறந்து என்ன இல்லை என்று பார். வலியோடு வருகிறவளைப் பார். மதர் திரும்பி வா என்றால் வா. ஊருக்கு வர ஒரு பை கட்டுவதில் எந்தப் பாவமும் இல்லை, உன் அக்காவே கட்டினாள். யாராவது உன்னிடம், உங்கள் குடும்பமே வேதசாட்சிக் குடும்பம் என்று புகழ்ந்தால் மூச்சுக் காட்டாமல் எழுந்து போய்விடு. அந்தப் புகழ்ச்சி உன் அம்மாவை என்ன பாடு படுத்தியது என்று நான் கண்ணால் பார்த்தவன்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் நல்ல மழை. மழையில் நனைந்துகொண்டே உன் அம்மா புதிதாக வந்திருக்கிற சாமியாரிடம் போனாள். நானும் பின்னால் போனேன். "என் பெரிய மகளுக்கு ஆத்துமா பூசை வைக்கணும் சாமி" என்றாள். அவர் சின்ன வயசுக்காரர், அவருக்கும் தயக்கம்தான். "அம்மா, அவங்கள எல்லாரும் வேதசாட்சின்னு..." என்று இழுத்தார். "இருக்கட்டும் சாமி. எனக்கு அவ புள்ள. பயந்துபோய் என்னக் கூப்பிட்டுக்கிட்டே செத்துருக்கா. நான் அவளுக்கு இன்னும் அழுவல" என்றாள். அவர் பூசை நோட்டை எடுத்து விரித்தார். "திருச்சபை இன்னும் ஒண்ணும் அறிவிக்கலம்மா. அதுவரைக்கும் அவங்களுக்காக வேண்டுறதுல ஒரு தப்பும் இல்ல. மொதல்லயே வச்சிருக்கணும்" என்றார்.

கல்லறைத் திருநாளன்று, செத்தவர்களுக்கான ஊதா உடுப்பு உடுத்திப் பூசை வைத்தார். செத்தவர்களின் பேரை வாசிக்கும்போது நம் ஊர்ப் பேர்களுக்கு நடுவில் லூர்துவின் பேரையும் வாசித்தார். ஒளிவட்டம் ஒன்றும் இல்லை, பேர் மட்டும்தான். உன் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாத்தாங்கால்ல நின்னேனடி, நீ கூப்ட்டது கேக்கலியடி, கேட்டிருந்தா ஓடியாந்து குறுக்க விழுந்திருப்பேனடி" என்று அவள் எடுத்த குரலில் கோயிலே அடங்கிப்போய்விட்டது. அன்றைக்கு வாயைப் பொத்தின பெண்கள் எழுந்து வந்தார்கள். நான் பயந்தேன். அவர்கள் பொத்தவில்லை. சுற்றி உட்கார்ந்து, அவள் தோளில் கை போட்டு, அவளோடு சேர்ந்து அழுதார்கள். உபதேசியார் தூணில் சாய்ந்து நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஆம்பளை என்ற நினைப்பே இல்லாமல் அழுதேன். பூசை முடிந்ததும் அலமாரியில் இருந்த மெழுகுவர்த்திகளையெல்லாம் உன் அம்மா கொண்டுவந்து கல்லறைச் சிலுவையடியில் ஏற்றினாள். தூறலில் பாதி அணைந்துபோயின. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. திரும்பி நடக்கும்போது என்னிடம், "இப்பப் போலாங்க. சின்னவளக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவோம்" என்றாள். எனக்குத்தான் இன்னும் தயக்கம் பாக்கி இருந்தது. நீ போன் செய்தபோது வாய்க்காலுக்கு ஓடினது அதனால்தான்.

வருகிறேன் அமலி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நானே உன் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுவருகிறேன். ஆனால் சொன்னதும் கையை விட்டுவிடுவேன் என்று எதிர்பார்க்காதே. மதர் காத்திருக்கட்டும், பாட்டுக்காரப் பிள்ளைகள் வேண்டுமானால் மூன்று தடவை பாடட்டும். உன் அம்மா அங்கே அழுவாள். அவளை யாரும் சமாதானப்படுத்த வேண்டாம் என்று மடத்தில் இப்போதே சொல்லி வை.

மலைக்குப் போன பிறகு பயமாக இருந்தால் அதைச் செபத்தில் மூடி மறைக்காதே. எங்களைக் கூப்பிடு. உன் அம்மா இப்போதெல்லாம் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டுதான் நாற்றங்காலில் இறங்குகிறாள்.

அப்பா